இரண்டு டிகிரி எங்கே போயிற்று?

பிராக் நகரத்து மதுக்கூடங்களில் பீரைப் பெயர் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு, எண் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. "தெசீட்கா" என்றால் பத்து. "த்வநாட்ஸ்கா" என்றால் பன்னிரண்டு. சுவரில் தொங்கும் கரும்பலகையிலும் சாக்பீஸால் அந்த எண்கள்தான். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் டிகிரிக் குறியாக ஒரு குட்டி வட்டம். எனக்கு அடுத்த மேசையில் ஊருக்குப் புதிதாக வந்த இளைஞர்கள் இருவர் பலகையில் 12ஐப் பார்த்துவிட்டு, ஒயின் அளவுக்கு ஏறுமோ என்று கிசுகிசுத்துக்கொண்டார்கள். பரிசாரகர் காதில் அது விழுந்துவிட்டது. இந்தக் கேள்வியை ஆயிரம் தடவை கேட்டுச் சலித்தவர் போல, பலகையின் ஓரத்தை விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். அங்கே பொடி எழுத்தில் ஆல்கஹால் அளவு தனியாக எழுதியிருந்தது.

அந்தப் பொடி எழுத்து என்னைப் பிடித்துக்கொண்டது. காம்பிரினஸ் என்ற பீர் 10 டிகிரி, ஆல்கஹால் 4.3 சதவீதம். பில்ஸ்னர் உர்க்வெல் 12 டிகிரி, ஆல்கஹால் 4.4 சதவீதம். இரண்டும் பில்சென் என்ற ஊரில் ஒரே நிறுவனம் காய்ச்சுபவை. டிகிரியில் இரண்டு வித்தியாசம் இருக்க, ஆல்கஹாலில் 0.1தான் வித்தியாசம். அப்படியானால் அந்த இரண்டு டிகிரி எங்கே போயிற்று?

செக் நாட்டில் இதைக் கேட்பதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. தலைக்கு எத்தனை லிட்டர் பீர் என்ற கணக்கில் பல்லாண்டுகளாக உலகிலேயே முதலிடத்தில் இருப்பவர்கள் இவர்கள். மதுக்கூடத்தில் உட்கார்ந்ததும் மேசைமேல் ஒரு காகிதச் சீட்டு வரும். ஒவ்வொரு கோப்பைக்கும் அதில் பேனாவால் ஒரு கோடு. கோப்பை காலியானால் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். போதுமென்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்த முதியவர் தன் சீட்டின் பின்பக்கத்தில் எனக்கு டிகிரிக் கணக்கை எழுதிக் காட்டினார்.

காய்ச்சி முடித்து, இன்னும் ஈஸ்ட் போடாமல் இருக்கும் மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு இருக்கிறதே, அதில் 100 கிராமை எடுத்தால் எத்தனை கிராம் சர்க்கரையும் சர்க்கரை இனத்தவையும் கரைந்திருக்கின்றன என்பதுதான் அந்த டிகிரி. 12 டிகிரி என்றால் 100 கிராம் சாற்றில் 12 கிராம் சரக்கு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் இதே சாற்றை 1.048 என்று எழுதுவார்கள். தண்ணீர் 1.000 என்றால் அதைவிட இவ்வளவு கனம் என்று அர்த்தம். 'ஒரிஜினல் கிராவிட்டி' என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

ஆக, பலகையில் இருப்பது பீரின் பூர்வீகம். கோப்பையில் இப்போது என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஆனாலும் செக் சட்டம் அந்தப் பூர்வீகத்தைத்தான் நம்புகிறது. 7 முதல் 10 டிகிரி வரைக்கும் ஒரு வகை, 11, 12 என்றால் இன்னொரு வகை, 13உம் அதற்கு மேலும் என்றால் கடும் பீர் என்று பிரித்துவைத்திருக்கிறது. வரியும் அப்படித்தான், 100 லிட்டருக்கு, ஒவ்வொரு முழு டிகிரிக்கும் இவ்வளவு என்று வாங்குகிறார்கள். இங்கிலாந்திலும் 1880 முதல் 1993 வரை ஒரிஜினல் கிராவிட்டியை வைத்தே பீருக்கு வரி போட்டார்கள். பீப்பாய்க்குள் போகும் சர்க்கரையை அதிகாரி ஒரு மிதவையை வைத்து அளந்துவிடலாம். உள்ளே ஈஸ்ட் அதை என்ன செய்கிறது என்பதுதான் வேறு கதை. அந்தக் கதையைக் கேட்கத்தான் பில்சென் போனேன்.

பிராகிலிருந்து தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டர். ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஊர் நடுவில் பெரிய சதுக்கம். சதுக்கத்துக்குள்ளேயே புனித பர்த்தலோமேயு தேவாலயம். அதன் கோபுரம் நூறு மீட்டரைத் தாண்டுகிறது, நாட்டின் தேவாலயக் கோபுரங்களிலேயே உயரமானது. அதே சதுக்கத்தில் நகர மன்றம். 1838இல் அதன் முன்னால்தான் ஊர்க்காரர்கள் 36 பீப்பாய் பீரைக் கவிழ்த்துக் கொட்டினார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு தரம் நன்றாக வரும், அடுத்த தரம் புளித்துப்போகும். பொறுமையிழந்த குடிமக்கள் கூட்டாகச் சேர்ந்து புதிய ஆலை கட்டினார்கள். பக்கத்து பவேரியாவிலிருந்து ஜோசப் க்ரோல் என்பவரை வரவழைத்தார்கள். அவர் 1842 அக்டோபர் 5 அன்று முதல் அடுப்பை மூட்டினார். மாநிறத்திலும் கறுப்பிலும் பீர் பார்த்துப் பழகிய ஊரில் பொன்னிறமாக ஒன்று வந்தது. இன்று உலகில் விற்கும் பீரில் பெரும்பகுதி அந்தப் பொன்னிறத்தின் வாரிசு.

ஆலையின் பெயர்பெற்ற இரட்டை வளைவு வாசல் 1892இல் கட்டியது. புட்டி லேபிளிலும் அதுதான் இருக்கிறது. உள்ளே செப்புக் கொப்பரைகள். அவற்றில் இன்றும் மும்முறைக் கொதிப்பு முறைதான். அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, அதில் ஒரு பங்கைத் தனியே எடுத்துக் கொதிக்கவிட்டு மறுபடியும் ஊறலில் கொட்டுகிறார்கள். மொத்த ஊறலும் ஒரு படி சூடேறும். இப்படி மூன்று தரம்.

அதற்குப் பிறகு தரைக்குக் கீழே. பாறையைக் குடைந்து செய்த சுரங்கப் பாதைகள் மொத்தம் 9 கிலோமீட்டர் இருக்கும் என்றார் வழிகாட்டி. கோடையிலும் பல் கிட்டும் குளிர். சுவரில் ஈரம் கசிகிறது. ஓக் மரப் பீப்பாய்கள் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. மேலே எஃகுத் தொட்டிகளில்தான் இன்று பீர் புளிக்கிறது. ஆனாலும் பழைய முறையிலும் கொஞ்சம் காய்ச்சி இந்தப் பீப்பாய்களில் வைத்து, இரண்டின் சுவையும் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வருகிறவர்களுக்கு அதிலிருந்துதான் வடிகட்டாத பீரை நேராகப் பிடித்துத் தருகிறார்கள். வாயில் வைத்ததும் நாக்கில் ஒரு கனம் தெரிந்தது. கசப்பு வருகிறது, அதைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி அடியில் ஏதோ ஒன்று இருக்கிறது. இனிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் தண்ணீராகவும் ஓடிவிடவில்லை. என் இரண்டு டிகிரிக் கேள்வியை வழிகாட்டியிடம் போட்டேன். "அது ஈஸ்ட்டைக் கேட்க வேண்டிய கேள்வி" என்று சிரித்தார்.

பிராகில் இருக்கும் நண்பர் ஒருவரோடு வேலை பார்க்கும் பெண்ணின் அப்பா பில்சென்காரர். ஸ்கோடா ஆலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டு கராஜில் பீர் காய்ச்சுவதே இப்போது அவருக்கு முழுநேர வேலை. அந்தப் பெண்தான் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்த்தார். கராஜில் காருக்கு இடமில்லை. மூன்று பழைய ஃபிரிட்ஜ்கள், ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம், அலமாரி நிறையப் புட்டிகள். ஆணியில் கட்டம் போட்ட நோட்டு ஒன்று கயிற்றில் தொங்கியது. இரும்பை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகாமல் கடைந்த கை என்பது அந்த நோட்டைப் பார்த்தாலே தெரியும். தேதி, வெப்பநிலை, டிகிரி என்று மூன்றே பத்திகள். அடித்தல் திருத்தல் கிடையாது.

"என்ன குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"குடிப்பது இருக்கட்டும் ஐயா. பன்னிரண்டு டிகிரி எப்படிக் குறைகிறது என்று பார்க்க வந்தேன்" என்றேன். மகள் மொழிபெயர்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பேசாமல் முதல் ஃபிரிட்ஜைத் திறந்தார்.

அவரிடம் மூன்று ஈடு இருந்தது: அன்று காலை காய்ச்சி ஆறவைத்தது, ஐந்து நாளாகப் புளித்துக்கொண்டிருப்பது, புளித்து முடிந்தது. ஒரு பீரின் பல வார வாழ்க்கையை ஒரே பிற்பகலில் பார்த்துவிடலாம்.

கண்ணாடிக் குழாய் ஒன்றில் காலைச் சாற்றை முக்கால் பங்கு ஊற்றினார். அதற்குள் மெலிந்த கழுத்தும் பருத்த அடியும் கொண்ட கண்ணாடி மிதவையை இரண்டு விரலால் பிடித்து இறக்கினார். ஊரில் பால் சொசைட்டி வாசலில் லாக்டோமீட்டரைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கருவிதான். பாலில் தண்ணீர் கலந்தால் மிதவை கூடுதலாக அமிழும். இங்கே சர்க்கரை குறைந்தால் அமிழும். கழுத்தைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றிவிட்டார். மிதவையில் ஒட்டும் காற்றுக்குமிழி அதைத் தூக்கிக் காட்டிவிடும், சுழற்றினால் உதிர்ந்துவிடும் என்றார். சுழல் நின்றதும் முழங்காலை மடக்கி, கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்தார். திரவம் கழுத்தோரத்தில் மெல்ல ஏறி ஒட்டியிருந்தது. அந்த ஏற்றத்தின் மேல் விளிம்பில் படிக்க வேண்டுமா, கீழ் மட்டத்தில் படிக்க வேண்டுமா என்பது கருவிக்குக் கருவி மாறும். செய்தவர் சொன்னபடி படிக்காவிட்டால் எண் தவறிவிடும். வெப்பநிலையும் முக்கியம். அவருடைய மிதவை 20 டிகிரி செல்சியஸுக்கு அளவிடப்பட்டது. சூடான சாறு மெலிந்து, சர்க்கரையைக் குறைத்துக் காட்டும்.

"பன்னிரண்டு" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். கோடு மிகச் சரியாக அங்கே நின்றது.

அடுத்தது ஐந்து நாள் ஈடு. மூடியைத் திறந்ததும் மேலே வெள்ளையும் பழுப்புமாக நுரை மலையாக நின்றது. ஃபிரிட்ஜ் 10 டிகிரி செல்சியஸில் இருந்தது. இந்தக் குளிரில் வேலை செய்வதுதான் லாகர் ஈஸ்ட்டின் குணம். மாதிரியை எடுத்ததும் உடனே அளக்கவில்லை. இரண்டு கண்ணாடிக் குவளைகளுக்கிடையே மாற்றி மாற்றி ஆற்றினார். வாயு முழுவதும் போக வேண்டும். இல்லாவிட்டால் குமிழிகள் மிதவையைத் தூக்கும். நுரை அடங்கும்வரை ஆற்றி, கிண்ணத்து வெந்நீரில் வைத்து 20க்குக் கொண்டுவந்து அளந்தார். 7.4. மூன்றாவது ஈடு: 3.6. நோட்டில் அதற்கு முந்தைய இரண்டு நாளும் 3.6தான்.

"மூன்று நாள் ஒரே எண் வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். ஒரு நாள் எண்ணை நான் நம்பமாட்டேன்" என்றார்.

இங்கேதான் அட்டெனுவேஷன் வருகிறது. தொடங்கியதில் எத்தனை பங்கை ஈஸ்ட் தீர்த்தது என்பதற்கு அதுதான் பெயர். 12இல் தொடங்கி 3.6இல் நின்றால் 8.4 குறைந்திருக்கிறது. 8.4ஐ 12ஆல் வகுத்தால் 70 சதவீதம். ஈஸ்ட் பாக்கெட்டின் மேலேயே இந்தச் சதவீதத்தை அச்சிட்டிருப்பார்கள். கணக்கு அதோடு முடிந்தது என்று நோட்டை மூடப் போனேன். பெரியவர் என் கையைத் தட்டினார்.

"இந்த எழுபது பொய்" என்றார். "வாருங்கள், அடுப்படிக்கு."

சமையலறையில் சின்னத் தராசு. ஆற்றிய பீரில் 200 கிராமை நிறுத்துச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தார். ஜன்னலைத் திறந்துவிட்டார். பாதியாகச் சுண்டும்வரை பேச்சு வேறு எங்கோ போயிற்று: ஜாடெட்ஸ் ஊர் ஹாப்ஸ், மொராவியா பார்லி, பில்சென் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவாக இருப்பதால் கசப்பு மென்மையாக வருவது. சுண்டியதை ஆறவைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி மறுபடியும் சரியாக 200 கிராமாக்கினார். மிதவையை இறக்கினார். இப்போது அது 3.6இல் நிற்கவில்லை. மேலே எழும்பி 5.1 காட்டியது.

சர்க்கரை சேர்க்கவில்லை, வெறும் தண்ணீர்தான் சேர்த்தார். பின் எப்படிக் கூடியது? கொதித்ததில் ஆல்கஹால் ஆவியாகப் போய்விட்டது. ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசு. தண்ணீர் 1 என்றால் அது 0.79. அது பீரில் இருக்கும்வரை திரவத்தை மெலிதாக்கி மிதவையை ஆழ அமிழ்த்துகிறது. மிதவை பாவம், சர்க்கரை தீர்ந்துவிட்டதென்று நினைத்துக் குறைத்துச் சொல்கிறது. ஆல்கஹாலை வெளியேற்றிவிட்டு அளந்தால்தான் உண்மையில் எத்தனை மிச்சம் என்று தெரியும். 12இல் 5.1 மிச்சம். ஈஸ்ட் தின்றது 6.9, அதாவது 57 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. முதலில் வந்த 70 தோற்ற அளவு, இது உண்மை அளவு. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய மாறாத உறவு உண்டு. தோற்ற அளவை 0.81ஆல் பெருக்கினால் உண்மை அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். அதனால் வீட்டில் காய்ச்சுபவர்கள் தினமும் இப்படிச் சுண்டவைப்பதில்லை.

இந்த உறவைக் கண்டு சொன்னவர் பிராக்காரர். கார்ல் யோசஃப் நெப்போலியன் பால்லிங். பொஹீமியாவில் 1805இல் பிறந்து, பிராக் பாலிடெக்னிக்கில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். மிதவையில் சர்க்கரைச் சதவீதத்தை நேரடியாகக் கோடு போட்டு, பீரை அளக்கும் முறையை 1843இல் வெளியிட்டார். க்ரோல் பில்செனில் அடுப்பு மூட்டிய மறு ஆண்டு அது. பின்னர் ஃபிரிட்ஸ் பிளாட்டோ என்ற ஜெர்மானியர் அந்த அட்டவணையை இன்னும் துல்லியமாக்கியதால் உலகம் பிளாட்டோ டிகிரி என்கிறது. பெரியவரோ பால்லிங் என்ற பெயரைத்தான் சொன்னார். உள்ளூர்ப் பற்று.

பால்லிங் விட்டுப்போன கணக்கு ஒன்றைப் பெரியவர் தன் நோட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையால் எழுதிவைத்திருந்தார். 2.0665 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் 1 கிராம் ஆல்கஹால், 0.9565 கிராம் கரியமில வாயு, 0.11 கிராம் புதிய ஈஸ்ட். கூட்டினால் கிராம் பிசகாமல் 2.0665. தானியம் எப்படி மதுவாகிறது என்பதை உலகமே விவாதித்துக்கொண்டிருந்த காலம் அது. பீரைப் பற்றிய பாஸ்டரின் நூல் வர 1876 ஆகவேண்டியிருந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வித்தை வளர்த்து ஆலையில் பயன்படுத்தியது 1883இல். அதற்கெல்லாம் முன்பே ஒரு மனிதர் கண்ணாடி மிதவையையும் தராசையும் வைத்துக்கொண்டு ஈஸ்ட்டின் வரவு செலவை எழுதிமுடித்துவிட்டார். அந்தச் சிவப்பு மை வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பில்செனில் கண்டவற்றில் என்னை மிகவும் வியக்கவைத்தது அதுதான்.

அந்த வாய்ப்பாட்டைக் கையிலிருந்த ஈடுக்குப் போட்டோம். தின்றது 6.9 கிராம். 2.07ஆல் வகுத்தால் 3.3 கிராம் ஆல்கஹால். வாயுவாக வெளியேறிய எடையைக் கழித்து, எடைக் கணக்கைக் கொள்ளளவுக் கணக்காக மாற்றினால் 4.5 சதவீதம்.

பிறகு லேபிள் எண்களிலிருந்து பின்னோக்கிப் போட்டோம். 12 டிகிரி பில்ஸ்னர் உர்க்வெல்லில் ஆல்கஹால் 4.4தான் என்றால், அதில் உண்மையில் மிச்சம் நிற்பது 100 கிராமுக்கு 5.3 கிராம் அளவு. 10 டிகிரி காம்பிரினஸில் 4.3 வர வேண்டுமானால், மிச்சம் 3.4 கிராம்தான் இருக்க முடியும். வித்தியாசம் ஏறக்குறைய 2. நான் தேடிவந்த இரண்டு டிகிரி எங்கேயும் போகவில்லை, கோப்பையிலேயே இருக்கிறது. அரை லிட்டருக்கு சுமார் 10 கிராம். ஈஸ்ட் தொடாமல் விட்டுவைத்தது அது. சுரங்கத்தில் என் நாக்கில் தெரிந்த கனமும் அதுவே.

ஏன் தொடாமல் விடுகிறது? மால்ட்டில் இருப்பது மாவுச்சத்து. ஊறவைக்கும்போது பார்லியின் நொதிகளே அதை வெட்டிச் சர்க்கரையாக்குகின்றன. 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் ஒரு நொதி முந்திக்கொண்டு மால்டோஸாக நறுக்கும்; அது ஈஸ்ட்டுக்குப் பிடித்த தீனி. 70ஐத் தாண்டினால் அந்த நொதி சீக்கிரம் செத்துவிடும். இன்னொரு நொதி பெரிய பெரிய துண்டங்களாக வெட்டிப்போடும். டெக்ஸ்ட்ரின் என்ற அந்தத் துண்டங்களைச் சாதாரண பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அவ்வளவாக இனிக்கவும் செய்யாது. பீருக்கு உடம்பு தருவதோடு சரி. ஆக, ஈஸ்ட் எங்கே நிற்கும் என்பது பாதி, அதற்கு முன்னால் அடுப்படியிலேயே முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதி ஈஸ்ட்டின் குலத்தைப் பொறுத்தது. சில வகை சீக்கிரமே திரண்டு அடியில் படிந்துவிடும். சில வகை கடைசிவரை மிதந்து வேலை செய்யும். டெக்ஸ்ட்ரினையும் உடைத்துத் தின்னும் வகைகள்கூட உண்டு. அவை புகுந்தால் அட்டெனுவேஷன் 90ஐத் தாண்டும்.

பெரியவர் சொல்லோடு விடவில்லை. இரண்டு புட்டிகளை எடுத்து வைத்தார். ஒரே மூட்டை மால்ட், ஒரே ஹாப்ஸ், ஒரே ஈஸ்ட், இரண்டும் 12 டிகிரி. ஒன்றை 63 டிகிரியில் வெகுநேரம் ஊறவைத்திருக்கிறார். இன்னொன்றைச் சீக்கிரம் 72க்கு ஏற்றியிருக்கிறார். முதலாவது 2.4 வரை இறங்கியது, ஆல்கஹால் 5.1. இரண்டாவது 3.6இல் நின்றது, ஆல்கஹால் 4.5. பெயர்ச் சீட்டு இல்லாமல் ஊற்றிக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். முதலாவது துடைத்துவிட்டது போல உலர்ந்து முடிந்தது. கசப்பு தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டாவது விழுங்கிய பிறகும் வாயில் ஒரு பூச்சு போலத் தங்கியது. பலகையில் எழுதினால் இரண்டும் ஒரே எண்தான்.

"எது நல்லது?" என்று கேட்டேன்.

"ஜெர்மன்காரர் வந்தால் முதலாவதைக் கொடுப்பேன். எனக்கு இரண்டாவது" என்றார்.

கிளம்பும்போது கராஜின் கூரையைக் காட்டினார். பலகையில் கண்ணாடிச் சில்லு ஒன்று இன்னும் குத்தி நின்றது. பல வருடத்துக்கு முன்னால், ஈஸ்ட் பாதியில் தூங்கிவிட்டதைப் புளித்து முடிந்ததென்று எண்ணிப் புட்டியில் அடைத்த ஒரு ஈடு. கோடையில் ஈஸ்ட் விழித்துக்கொண்டது. இதற்கும் கணக்கு உண்டு. மிதவையில் ஒரே ஒரு டிகிரி பாக்கியிருந்தால் போதும், லிட்டருக்குச் சுமார் 4 கிராம் கரியமில வாயு கிளம்பும். பீருக்கு வேண்டிய வாயுவே மொத்தம் 5 கிராம் அளவுதான். புட்டியில் வாயு வருவதற்காக நாம் போடும் சர்க்கரை வேறு. இரண்டும் சேர்ந்தால் புட்டி தாங்குமா? அன்றைக்கு யாரும் கராஜில் இல்லாதது அதிர்ஷ்டம் என்றார் மகள்.

தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதனால் இது ஊரில் செய்து பார்க்கிற சமாசாரமில்லை. ஆனால் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் நம்மவர்கள் பலர் வார இறுதிகளில் பீர் காய்ச்சுகிறார்கள். அவர்களுக்கு பில்சென் பெரியவரின் சார்பில் சில வார்த்தைகள். பளபளக்கும் பாத்திரங்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடி மிதவையும் அதற்கான குழாயும் வாங்குங்கள். ஈஸ்ட் போடுவதற்கு முன் ஒரு தரம் அளந்து எழுதுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் பொருளில்லை. மாதிரியின் வாயுவை ஆற்றிவிட்டு, மிதவைக்கு உரிய வெப்பநிலையில் அளந்து பாருங்கள். ஒளிவிலகலை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள், ஆல்கஹால் வந்த பிறகு அது காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்; அதைத் திருத்தத் தனி வாய்ப்பாடு இருக்கிறது. ஈஸ்ட் பாக்கெட்டில் 75 சதவீதம் என்று போட்டிருந்தும் உங்கள் பீர் 70இல் நின்றால், உடனே ஈஸ்ட்டைத் திட்ட வேண்டாம். முதலில் ஊறல் சூட்டைப் பாருங்கள். மூன்று நாள் ஒரே எண் வராமல் எந்தப் புட்டியையும் மூடாதீர்கள்.